தூக்கத்தின் கணக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நாங்கள் சங்ககிரி பக்கத்தைச் சேர்ந்தவர்கள். தவணையில் எடுத்த பன்னிரண்டு சக்கர லாரி ஒன்றை என் கணவரும் நானும் மாறி மாறி ஓட்டுகிறோம். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர், இந்தூர் வரை போவோம். திரும்பும்போது கிடைத்த லோடு. மூன்றரை வயது மகளும் எங்களுடன்தான் வருகிறாள். அவர் ஓட்டும்போது அவளை நான் பார்த்துக்கொள்கிறேன், நான் ஓட்டும்போது அவர். "பிள்ளையை லாரியிலா வளர்ப்பது, மாமியாரிடம் விட்டுவிட்டுப் போ" என்று உறவினர்கள் ஏசுகிறார்கள். பெற்றவர்கள் இருவரும் கண்ணெதிரே இருப்பதுதானே பிள்ளைக்கு நல்லது? நீங்கள் லாரி ஓட்டுநரின் மகன் என்று படித்ததால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

உறவினர்கள் ஏசுவதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கணவர் மட்டும் ஓட்டியிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் உள்ள வேறொரு வரி: "அவர் ஓட்டும்போது நான், நான் ஓட்டும்போது அவர்." அப்படியென்றால் நீங்கள் இருவரும் தூங்குவது எப்போது?

ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள் என்றால், ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் படுத்துத் தூங்குகிறார் என்றுதான் பொருள். சேலத்திலிருந்து பெங்களூர், ஹைதராபாத் வழியாக நாக்பூர் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். பகலில் மகள் விழித்திருக்கிறாள். தூங்க வேண்டியவர் அவளுக்குச் சோறூட்டுகிறார், கதை சொல்கிறார், ஓரங்கட்டச் சொல்லிச் சிறுநீர் கழிக்க வைக்கிறார். இரவில் அவள் தூங்கியதும் அதே ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார். பிள்ளை வளர்ப்புக்கான நேரம் முழுவதும் ஓட்டுநரின் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. பிள்ளையை வீட்டில் விடுவதா, வண்டியில் ஏற்றுவதா என்று கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்காமல் நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னது. நெடுந்தூர ஓட்டத்திற்கு 10 மணி நேரம் வரை இடம் தந்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தியது. கணவன் மனைவி ஓட்டும் சொந்த வண்டிக்கு வங்கித் தவணைதான் மேஸ்திரி.

என் அப்பா டிரிப் முடிந்து வீட்டுக்கு வந்தால் பகல் முழுவதும் தூங்குவார். தூக்கத்திலேயே அவருடைய வலது கால் சட்டென்று விறைத்துக் கட்டில் சட்டத்தை உதைக்கும். பிரேக் மிதிக்கிறார் என்பார் அம்மா. நான் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த உதையை எண்ணிக்கொண்டிருப்பேன். விவரம் தெரியும் வரை அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டேனாம். ஆகவே பாட்டியிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளை உடன் வைத்துக்கொள்ள நீங்கள் விரும்புவது எனக்கு நன்றாகவே புரிகிறது.

உடன் வைத்துக்கொள்வதானால், இரண்டு ஓட்டுநர்கள் இருப்பதால் கிடைக்கும் வேகத்தை விட்டுக்கொடுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் வண்டி ஓடக் கூடாது. பெட்ரோல் பங்க்கிலோ, வழக்கமான தாபாவிலோ நிறுத்திவிட்டு மூவரும் தூங்குங்கள். முட்டை, காய்கறி போன்ற அவசர லோடு எடுக்காதீர்கள். ஜவ்வரிசி அரை நாள் தாமதமானால் கெட்டுவிடாது. புக்கிங் ஆபீஸில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மாதத்தில் ஓரிரு டிரிப் குறையும், தவணை இறுக்கும். அது சிறிய இழப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, பின்பலகை வண்டி நிற்கும்போது தூங்குவதற்கான இடம். ஓடும் வண்டியில் அங்கே கிடக்கும் குழந்தை, பிரேக் போட்டால் நேராகக் கண்ணாடிக்குத்தான் வரும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சொல்கிறது. பெரியவர்களுக்கான பெல்ட் மூன்றரை வயதுப் பிள்ளைக்குக் கழுத்தில் ஏறும்; குழந்தை இருக்கை வாங்கி, அது உங்கள் கேபினில் ஆடாமல் நிற்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள், நிற்காவிட்டால் அவளை ஏற்றாதீர்கள். மே மாதத்தில் எப்படியும் வேண்டாம். நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம், உங்களுடையது அதற்கு முந்தையது என்றால் அது அடுப்புதான்.

வெயில் மாதங்களில் ஒருவர் ஊரில் இருந்து பக்கத்து லோடு மட்டும் ஓட்டலாம். அவள் அங்கன்வாடிக்குப் போகட்டும். இன்ஜின் சத்தத்திற்கு மேல் கத்திப் பேசும் இரண்டு பெரியவர்களைத் தவிர, தன் வயதுப் பிள்ளைகளோடு சண்டையிடவும் அவளுக்கு ஆள் வேண்டுமல்லவா?

அடுத்த முறை நாக்பூர் போய்வந்ததும், நீங்கள் மூவரும் தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து எனக்கு அனுப்புங்கள்.