பெரிய டயர் போட்டாச்சு, வேக மீட்டரை என்ன செய்வது?

பொலிரோவில் 215/75 R15-க்குப் பதில் 235/75 R15 போட்டேன் சார். மீட்டர் எவ்வளவு தப்பும்?

மீட்டருக்குச் சக்கரம் சுற்றுவது மட்டும்தான் தெரியும், டயரின் அளவு தெரியாது. 215/75 R15 என்பதில் 215 அகலம் (மி.மீ.), 75 உயரச் சதவீதம், 15 ரிம் அங்குலம். கணக்கு இதுதான்: அகலம் × உயரச் சதவீதம் × 2, அதோடு ரிம் அங்குலம் × 25.4-ஐக் கூட்டணும். பழைய டயரின் விட்டம் 703.5 மி.மீ., புதியது 733.5. வித்தியாசம் 4.3%. முன்பு மீட்டரில் 80 காட்டிய அதே சுற்றில் வண்டி இப்போது கூடுதலாக 3.4 கி.மீ. வேகம் போகும்.

ஆனால் உடனே மீட்டரில் கை வைக்காதீர்கள். ஐ.நா.வின் 39-ஆம் விதிப்படி மீட்டர் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கூட்டித்தான் காட்டும். நேர்ச்சாலையில் 60, 80 என நிலையாக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரை ஜிபிஎஸ் பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் ஜிபிஎஸ்ஸைவிடக் குறைத்துக் காட்டினால்தான் வேலை.

அப்போ கிலோமீட்டர் கணக்கு?

அது தப்பும். 9,600 காட்டும்போதே ஏறத்தாழ 10,000 ஓடியிருக்கும், வண்டியை அப்போதே சர்வீஸுக்கு விடுங்கள். மைலேஜ் 12 என்று வந்தால் நிஜத்தில் 12.5. டயரைக் குறை சொல்லுமுன் இதைப் பாருங்கள்.

முள்ளைக் கழற்றித் தள்ளி மாட்டினால் போதும் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். பிழை விகிதத்தில் வருகிறது: 40-ல் 1.7, 100-ல் 4.3. முள்ளைத் தள்ளினால் ஒரு வேகத்தில் மட்டும் சரியாகும். கிலோமீட்டர் காட்டும் ஓடோமீட்டரின் தப்பு அப்படியேதான் இருக்கும்.

என்னுடையது கேபிள் மீட்டர், பழைய ஜீப்.

கியர்பாக்ஸில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் சிறு பல்சக்கரத்தை மாற்றணும். பழைய பல் எண்ணிக்கை × பழைய விட்டம் ÷ புதிய விட்டம். மேலே சொன்ன அதே டயர் மாற்றத்தில் 24 பல் இருந்தால் 23. டயர் பெருத்தால் பல் குறையணும். இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. கையோடு ஆயில் சீலையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கியர் ஆயில் கேபிள் வழியே ஏறும். கேபிளுக்கு கிரீஸ் லேசாகப் போதும். மீட்டர் பக்கத்து ஒரு சாண் நீளத்துக்குத் தடவாதீர்கள், உள்ளே போய் முள் ஒட்டிக்கொள்ளும்.

சென்சார் வண்டிக்கு?

வேக சென்சாரிலிருந்து மீட்டருக்குத் தனி ஒயர் வந்தால், நடுவில் பல்ஸ் கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டியை வைத்து சென்சார் சிக்னலை 1.043 மடங்காக்கிக் கொடுக்கலாம். எர்த் சரியில்லை என்றால் முள் குதிக்கும். பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சார் வழியே வேகம் எடுக்கும் புது வண்டிகளில் இந்தப் பெட்டி வேலைக்காகாது. வண்டியின் கம்ப்யூட்டரில் இணைக்கும் ஸ்கேன் டூலில் டயர் அளவை மாற்றும் வசதி உங்கள் மாடலுக்கு உண்டா என்று கேளுங்கள்.

பைக்கில் பின்டயர் மட்டும் தடிமனாகப் போட்டேன் அண்ணா.

முன்சக்கரத்திலிருந்து கேபிள் வந்தால் ஒன்றும் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டி என்றால் மாறும். அதில் முன் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) 14-லிருந்து 15 பல்லாக்கினாலும் 7% தப்பும்.