படைப்பாற்றல் உள்ள குழந்தைகள் மன அழுத்தத்தை எளிதாகச் சமாளிப்பார்களா?

"மகள் எந்நேரமும் படம் வரைகிறாள், பிரச்சினையைப் பார்க்காமல் ஒதுங்குகிறாளோ?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் பெரியவர்களுக்குள் ஏதோ மனக்கசப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது அவன் அப்பாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை. அந்தச் சமயம் அவன் வரைந்ததெல்லாம் லாரிதான். இறக்கை வைத்த லாரி, லாரிக்குள் இன்னொரு லாரி. ஆஸ்பத்திரி ஒரு தாளிலும் வரவில்லை. பள்ளி ஆலோசகர் அவனை உட்கார வைத்து, "மனசுல இருக்கிற கவலையை வரை" என்றார். வெற்றுத்தாளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். உணர்வுகளை வெளிப்படுத்தத் தயங்குகிறான் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. லாரியை வரைந்து முடித்ததும் முகம் தெளிந்து அவன் சாப்பிட வருவதைத் தினமும் பார்த்தவள் நான்.

ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்களின் 2013ஆம் ஆண்டு ஆய்வைப் பிறகுதான் படித்தேன். ஏமாற்றம் தந்த ஒரு சம்பவத்தைக் குழந்தைகளை நினைக்கச் சொன்னார்கள். அப்புறம் சிலர் அதையே வரைந்தார்கள், சிலர் ஒரு வீட்டை வரைந்தார்கள். வீடு வரைந்தவர்களுக்குத்தான் மனசு அதிகம் தேறியது.

உடனே, "அப்போ பிள்ளையிடம் பேசவே வேண்டாமா?" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்த ஆய்வு அந்த நேரத்து மனநிலையைப் பற்றியது மட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

என் மகன் பேசவும் செய்தான், பொம்மைக் கரடியை வைத்து. கரடிக்கு ஊசி போடுவான். ஒருநாள் கரடி ஓடிப்போகும், ஒருநாள் டாக்டருக்கே ஊசி போடும், ஒருநாள் அழுதுவிட்டுத் தூங்கும். இப்படிக் கற்பனையோடு விளையாடும் குழந்தைகள், கஷ்டம் வரும்போது கூடுதலான வழிகளை யோசிக்கிறார்கள் என்பதை சாண்ட்ரா ரஸ் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுகின்றன. இது ஒரு தொடர்புதான், விளையாடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் படைப்பாற்றலுக்கும் மன அழுத்தத்தைச் சமாளிப்பதற்கும் இடையே நீங்கள் கேட்ட இணைப்பு இங்கேதான் இருக்கிறது. அழகாக வரையத் தெரிவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே மகளை வரைய விடுங்கள். என்ன வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பு நேரத்தில் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளிகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பதற்றம் கூடும் நாட்களும் அவைதான்.