கேள்வி பதில்: ஸ்டாண்டப் யாருக்கு, ஸ்ப்ரின்ட்ட நிறுத்துற அதிகாரம் யாருக்கு?

ஓசூர்ல இருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டி போய் வர்றவங்க, தர்மபுரியில வீட்ல இருந்தே வேலை பாக்குறவங்க, பர்கூர் காலேஜ் பசங்கன்னு நிறைய பேர் ஸ்க்ரம் பத்தி கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவ முழுக்க அதையே எடுத்துக்கிட்டேன். புதுசா கேக்குறவங்களுக்கு, ஸ்க்ரம்னா சாஃப்ட்வேர் மாதிரி வேலைய ஒரு டீம் சின்னச் சின்ன சுத்தா பிரிச்சு செய்யற முறை, ஒவ்வொரு சுத்துக்கும் ஸ்ப்ரின்ட்னு பேரு, அந்த டீம் தினமும் கொஞ்ச நேரம் கூடிப் பேசறது டெய்லி ஸ்க்ரம், அதத்தான் ஸ்டாண்டப்னும் சொல்றாங்க. ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒவ்வொரு மாதிரி நடத்துறாங்க, யாரு சொல்றது சரின்னு கேட்டா, ஸ்க்ரம உருவாக்கின கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதின ஸ்க்ரம் கைடுதான் அளவுகோல். கடைசியா 2020 நவம்பர்ல திருத்தினாங்க, இலவசமா கிடைக்குது, 15 பக்கம் கூட கிடையாது. என் பதில் எல்லாம் அத வச்சுத்தான்.

அக்கா, நான் ஓசூர்ல இருந்து பெங்களூர் போயிட்டு வர்றேன். காலைல 9.30க்கு ஸ்டாண்டப். அத்திப்பள்ளி டோல்ல மாட்டிக்கிட்டா போன்லயே கேட்டுக்கிட்டு போவேன். பதினஞ்சு நிமிஷம்னு பேரு, ஆனா முக்கால் மணி நேரம் ஓடுது. மேனேஜர் ஒவ்வொருத்தரா கூப்ட்டு நேத்து என்ன பண்ண, இன்னிக்கு என்ன பண்ணுவ, ஏன் முடியலன்னு கேக்குறாரு. மத்தவங்க ம்யூட்ல போட்டுட்டு வேற வேலை பாக்குறாங்க. ஸ்க்ரம்னா இதானா?
– வாசகர், ஓசூர்

இல்ல தம்பி. நீங்க சொல்றது ஸ்டேட்டஸ் மீட்டிங், டெய்லி ஸ்க்ரம் இல்ல. டெய்லி ஸ்க்ரம் டெவலப்பர்ஸுக்காக, டெவலப்பர்ஸே நடத்திக்கிறது, மேனேஜருக்கு கணக்கு ஒப்பிக்கிற இடம் இல்ல. ப்ராடக்ட் ஓனரோ (எந்த வேலை முக்கியம்னு முடிவு பண்றவர்) ஸ்க்ரம் மாஸ்டரோ (இந்த முறை ஒழுங்கா நடக்குதான்னு பாக்கறவர்) கூட அந்த ஸ்ப்ரின்ட் வேலையில தாங்களும் கை வச்சிருந்தா டெவலப்பரா கலந்துக்கலாம், மத்தபடி அவங்க இல்லாட்டியும் அது நடக்கணும். பதினஞ்சு நிமிஷம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம். அந்த மூணு கேள்வி இருக்கே, நேத்து என்ன, இன்னிக்கு என்ன, தடை என்னன்னு, அத 2020 கைடுல இருந்தே எடுத்துட்டாங்க. நின்னுக்கிட்டே பேசணும்னும் எங்கயும் சொல்லல. எப்படி வேணா பேசிக்கலாம், ஆனா பேச்சு ஸ்ப்ரின்ட் கோல், அதாவது அந்த ஸ்ப்ரின்ட்டுக்கு டீம் வச்சுக்கிட்ட இலக்கு, அத சுத்தி இருக்கணும், முடியறப்ப அடுத்த ஒரு நாளைக்கு என்ன பண்ணப்போறோம்னு கையில ஒரு திட்டம் இருக்கணும், கைடு கேக்குறது அவ்ளோதான்.

ஒரு உதாரணம் சொல்றேன். பஸ் டிக்கெட் ஆப் ஒன்னு செய்யற டீம்னு வச்சுக்குங்க. இந்த ஸ்ப்ரின்ட்டோட கோல், பயணி டிக்கெட்ட ரத்து பண்ணா அன்னிக்கே பணம் திரும்ப கிளம்பிடணும். ஸ்டேட்டஸ் மீட்டிங்ல என்ன கேக்கும்? "ரீஃபண்ட் ஏபிஐ எண்பது பர்சென்ட் முடிஞ்சுது, இன்னிக்கும் அதான் பண்றேன், தடை ஒன்னும் இல்ல." அடுத்த ஆளு. இதே டெய்லி ஸ்க்ரம்னா, "பேமென்ட் கேட்வேகாரங்க டெஸ்ட் கணக்கு இன்னும் தரல, ரீஃபண்ட நிஜமா ஓட்டிப் பாக்க முடியல, இது இப்டியே போனா வெள்ளிக்கிழமை நம்ம கையில ஒன்னும் இருக்காது, நீ அந்த ரிப்போர்ட் ஸ்க்ரீன தள்ளி வச்சுட்டு வா, ரெண்டு பேரும் உக்காந்து போலி கேட்வே ஒன்னு செஞ்சு ஓட்டிப் பாத்துடலாம், டெஸ்ட் கணக்கு விஷயத்த ஸ்க்ரம் மாஸ்டர் பாக்கட்டும்"னு ஒருத்தர் சொல்வாரு, இன்னொருத்தர் சரின்னுவாரு. முதல் பேச்சு எல்லாரையும் வேலை செய்யறவங்களா காட்டுது. ரெண்டாவதுல பிரச்சினை வெளிய வந்துடுச்சு, அன்னைக்கு வேலையே மாறிடுச்சு. மேனேஜர் பக்கத்துல உக்காந்து கேள்வி கேட்டுட்டு இருந்தா இந்த ரெண்டாவது பேச்சு வாயில வராது தம்பி, எண்பது பர்சென்ட்தான் வரும். எனக்கு இதுல வருத்தம் ரொம்ப உண்டு, ஏன்னா படிச்சு முடிச்சு புதுசா வேலைக்கு வர்ற பசங்க முதல் வருஷமே தடை இல்லன்னு சொல்லப் பழகிடறாங்க, அப்புறம் அந்தப் பழக்கம் போகவே மாட்டேங்குது.

மீட்டிங் நடுவுல மேனேஜர்கிட்ட சட்டம் பேசாதீங்க. ரெட்ரோல, அதாவது ஸ்ப்ரின்ட் முடிவுல எப்படி வேலை பாத்தோம்னு பேசற மீட்டிங்ல, எடுத்துப் போடுங்க, ஒரே ஒரு ஸ்ப்ரின்ட்டுக்கு வேற மாதிரி நடத்திப் பாப்போம்னு கேளுங்க. ஆளு ஆளா போகாம, வேலைய கார்டா போட்டு வச்சிருக்கற போர்டுல கார்டு கார்டா போங்க, அதுவும் முடியற நிலையில இருக்கற வலது பக்கத்துல இருந்து. ஆளப் பாத்து கேக்குறது நின்னு வேலையப் பாத்து பேச ஆரம்பிச்சா நேரம் தானா சுருங்கிடும். மேனேஜருக்கு நிலவரம் தெரியணும்னா போர்டு இருக்கு, பாத்துக்கட்டும்.

குழந்தைக்காக வேலைய விட்டுட்டு இப்ப திரும்ப டெஸ்டரா சேர்ந்திருக்கேன். டீம்ல ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெக் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர்னு நாலு பேர் வேலை சொல்றாங்க. யாரு சொல்றத கேக்கணும்? ஸ்க்ரம்ல டெஸ்டர்னு ரோலே இல்லன்னு வேற சொல்றாங்க, பயமா இருக்கு அக்கா.
– வாசகி, தர்மபுரி

பயப்படாதீங்கம்மா. டெஸ்டர்னு தனி ரோல் இல்லங்கறது உங்கள வெளிய தள்றதுக்கு இல்ல, உள்ள இழுக்கறதுக்குத்தான். ஸ்க்ரம்ல மூணே பொறுப்பு, ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்ஸ். அந்த ஸ்ப்ரின்ட்ல பயன்படற ஒரு பொருள உருவாக்க உழைக்கிற எல்லாருமே டெவலப்பர்தான், கோட் எழுதறவங்க, டெஸ்ட் பண்றவங்க, டிசைன் போடறவங்க எல்லாரும். உங்களுக்கு கீழ் வரிசை மேல் வரிசை கிடையாது, டீம் உள்ள குட்டி டீமும் கிடையாது. மொத்தமா பொதுவா 10 பேர் இல்ல அதுக்கும் கம்மி.

எது முக்கியம், எது முதல்ல வரணும்னு முடிவு பண்றது ப்ராடக்ட் ஓனர். அவர் ஒரே ஆளு, கமிட்டி இல்ல. பேக்லாக்ல, அதாவது செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்ல, ஏதாவது மாத்தணும்னா யாரா இருந்தாலும் அவர சம்மதிக்க வைக்கணும், நேரா உங்ககிட்ட வரக்கூடாது. ஒரு ஸ்ப்ரின்ட்டுக்கு எவ்ளோ எடுத்துக்க முடியும், அத எப்படி செய்யறதுன்னு முடிவு பண்றது டெவலப்பர்ஸ், அதுல நீங்களும் சேத்தி. ஸ்க்ரம் மாஸ்டர் வேலை வாங்கறவர் இல்ல, இந்த முறை ஒழுங்கா நடக்குதா, டீமுக்கு எங்க முட்டுக்கட்டை விழுதுன்னு பாத்து எடுத்து விடறவர். டெக் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர் எல்லாம் உங்க கம்பெனி வச்ச பதவி, கைடுல அந்தப் பேரே வராது.

அதனால நாலு பேர் நாலு வேலை சொன்னா, "இது ஸ்ப்ரின்ட் கோலுக்கு சம்பந்தப்பட்டதா, ப்ராடக்ட் ஓனருக்கு தெரியுமா"ன்னு மரியாதையா கேளுங்க. இன்னொன்னு, டெஃபனிஷன் ஆஃப் டன் எழுதி வச்சிருக்காங்களான்னு பாருங்க. ஒரு வேலை எப்ப முடிஞ்சதா கணக்குங்கறதுக்கு டீமே ஒத்துக்கிட்ட அளவு அது. அதுல டெஸ்ட் இல்லன்னா உங்க வேலை எப்பவும் கடைசி நாள் சாயங்காலம்தான் வந்து தலையில விழும். அத முதல்ல சேக்க வைங்க.

கேம்பஸ் இன்டர்வியூல ஸ்க்ரம்ல எத்தனை ஈவென்ட், எவ்ளோ நேரம்னு கேட்டாங்க. பேக்லாக் ரிஃபைன்மென்ட்டையும் சேத்து சொன்னேன், தப்புன்னுட்டாங்க. சரியானது என்ன?
– மாணவர், பர்கூர்

ஈவென்ட் அஞ்சு. ஸ்ப்ரின்ட்டே ஒரு ஈவென்ட், மத்த நாலும் அதுக்குள்ள வருது. ஸ்ப்ரின்ட் ஒரு மாசத்துக்கு மேல போகக்கூடாது. ஒரு மாச ஸ்ப்ரின்ட்னா ப்ளானிங் அதிகபட்சம் 8 மணி நேரம், முடிஞ்சத காட்டி கருத்து கேக்கற ரிவ்யூ 4, ரெட்ரோ 3. ரெண்டு வாரம்னா பொதுவா அதுக்கு ஏத்த மாதிரி குறையும். டெய்லி ஸ்க்ரம் மட்டும் எப்பவும் 15 நிமிஷம். ரிஃபைன்மென்ட், அதாவது பேக்லாக்ல இருக்கற வேலைய பிரிச்சு தெளிவாக்கறது, ஈவென்ட் இல்ல, ஸ்ப்ரின்ட் பூரா நடந்துக்கிட்டே இருக்கற வேலை, அதுக்கு நேரக்கணக்கும் இல்ல. அதே மாதிரி ஆர்ட்டிஃபேக்ட், அதாவது வேலையையும் பலனையும் கண்ணுக்கு காட்டறது, மூணுன்னு கேப்பாங்க, ப்ராடக்ட் பேக்லாக் (மொத்த வேலைப் பட்டியல்), ஸ்ப்ரின்ட் பேக்லாக் (இந்த ஸ்ப்ரின்ட்டுக்கு எடுத்தது), இன்க்ரிமென்ட் (பயன்படற மாதிரி முடிஞ்ச பகுதி). ஒவ்வொன்னுக்கும் ஒரு உறுதி உண்டு, வரிசையா ப்ராடக்ட் கோல், ஸ்ப்ரின்ட் கோல், டெஃபனிஷன் ஆஃப் டன். இது 2020ல புதுசா சேத்தது, பழைய நோட்ஸ் படிச்சா கிடைக்காது.

ஸ்ப்ரின்ட் நடுவுல அவசரம்னு புது வேலை வந்து விழுது. கடைசில பாதி டிக்கெட் (ஒவ்வொரு வேலைக்கும் போடற சீட்டு) முடியாம நிக்குது. நீங்கதானே கமிட் பண்ணீங்க, சனிக்கிழமை வந்து முடிங்கன்றாங்க. பக்கத்து டீம் 60 பாயின்ட் முடிக்குது, நீங்க ஏன் 35ன்னு வேற கேள்வி. முடியாத ஸ்ப்ரின்ட்ட நிறுத்த முடியாதா?
– டீம் லீட், ஊத்தங்கரை

இதத்தான் நான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். டிக்கெட் பட்டியல யாரும் கமிட் பண்றது இல்ல. 2011லயே கைடுல அத மாத்திட்டாங்க, எடுத்துக்கற வேலைக்கு ஃபோர்காஸ்ட்னு போட்டாங்க, அதாவது இவ்ளோ முடியும்னு நம்ம கணிப்பு. டெவலப்பர்ஸ் உறுதி குடுக்கறது ஸ்ப்ரின்ட் கோலுக்கு. மேல சொன்ன பஸ் டிக்கெட் டீமையே எடுத்துக்குங்க, பதினோரு வேலை டிக்கெட்ல எட்டுதான் முடிஞ்சுது, ஆனா ரத்து பண்ணவங்களுக்கு அன்னிக்கே பணம் கிளம்புதுன்னா அந்த ஸ்ப்ரின்ட் ஜெயிச்சாச்சு. பத்து முடிஞ்சு ரீஃபண்ட் மட்டும் நிக்குதுன்னா தோத்தாச்சு. உங்க டீமுக்கு கோல்னு ஒன்னு எழுதி இருக்கா, இல்ல "இந்த டிக்கெட் எல்லாம் முடிக்கணும்"ங்கறதே கோலா? ரெண்டாவதுன்னா பிரச்சினை அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா அப்ப எதையும் விட்டுக் குடுக்க வழியே இருக்காது.

நடுவுல வேலை வரக்கூடாதுன்னு விதி இல்லீங்க. ஸ்ப்ரின்ட் கோலுக்கு ஆபத்து வர்ற மாதிரி மாத்தக்கூடாது, தரம் குறையக்கூடாது, இந்த ரெண்டுதான் விதி. கத்துக்க கத்துக்க எவ்ளோ செய்யறதுங்கறத ப்ராடக்ட் ஓனர்கிட்ட பேசி கூட்டிக் குறைச்சுக்கலாம். அவசரம்னு ஒன்னு உள்ள வந்தா எது வெளிய போகுதுன்னு அங்கயே கேளுங்க, பதில் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க.

முடியாதது என்னாகும்னா, டெஃபனிஷன் ஆஃப் டன்ன தொடாத வேலைய ரிலீஸ் பண்ணக்கூடாது, ரிவ்யூல காட்டக்கூட கூடாது, அது ப்ராடக்ட் பேக்லாக்குக்கு திரும்பப் போகணும். தொண்ணூறு பர்சென்ட் முடிஞ்சுதுன்னு கணக்கு கிடையாது. ஸ்ப்ரின்ட்ட ரத்து பண்ற அதிகாரம் ப்ராடக்ட் ஓனர் ஒருத்தருக்குத்தான், அதுவும் அந்த கோலுக்கே அர்த்தம் இல்லாம போனா மட்டும். நேரம் பத்தலங்கறதுக்காக நிறுத்தறதும் இல்ல, நீட்டிக்கறதும் இல்ல, தேதிக்கு முடியும், அடுத்தது உடனே ஆரம்பிக்கும்.

பாயின்ட் விஷயம். ஸ்டோரி பாயின்ட் (ஒரு வேலை எவ்ளோ பெருசுங்கற கணிப்பு), வெலாசிட்டி (ஒரு ஸ்ப்ரின்ட்ல முடிக்கற பாயின்ட்) ரெண்டும் ஸ்க்ரம் கைடுல ஒரு இடத்துல கூட இல்ல. டீம் தனக்குள்ள கணிக்க வச்சுக்கற அளவு அது, ஒரு டீம் அஞ்சுன்றத இன்னொரு டீம் எட்டுன்னும், அதனால 60ஐயும் 35ஐயும் பக்கத்துல வச்சு பாக்கவே முடியாது. அப்டி பாக்க ஆரம்பிச்சா அடுத்த மாசம் உங்க டீமும் 60 காட்டும், வேலை மட்டும் அதே அளவுதான் இருக்கும். சனிக்கிழமைக்கு ஒரு பதில் இருக்கு, 2001 பிப்ரவரியில அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஸ்னோபேர்ட்ங்கற இடத்துல 17 பேர் உக்காந்து, சாஃப்ட்வேர் வேலைய எப்படி அணுகணும்னு அஜைல் மேனிஃபெஸ்டோங்கற அறிக்கைய எழுதினாங்க, அதோட கூட வர்ற 12 கொள்கையில ஒன்னு, எவ்ளோ காலம் வேணாலும் இதே வேகத்துல போக முடியணும்ங்கறது. வாராவாரம் சனிக்கிழமைய சேத்துத்தான் ஸ்ப்ரின்ட் முடியுதுன்னா அந்த டீம் எடுத்துக்கற அளவே ஜாஸ்தி. அடுத்த ப்ளானிங்ல கம்மியா எடுங்க, உங்க டீம் ஆளுங்க முகத்த பாத்து எடுங்க.

எங்களுது மாங்கூழ் ஃபேக்டரிமா. பையன் ஐடில இருக்கான், ஸ்க்ரம் போடுப்பா எல்லாம் சரியாயிடும்றான். சீசன்ல பழம் ஒரு பக்கம் குவியுது, பழுக்க வைக்கற ரூம் ரொம்பிடுது, கூழ் எடுக்கற மிஷின் காத்துக்கிடக்கு. இதுக்கு அது ஆகுமா?
– வாசகர், காவேரிப்பட்டினம்

ஆகாதுங்கண்ணா, உங்களுக்கு வேற ஒன்னு ஆகும். அடுத்து என்ன செய்யறதுன்னே முன்கூட்டி தெரியாத வேலைக்குத்தான் ஸ்க்ரம். உங்களுக்கு வழி தெரியும், பெங்களூரா ரகப் பழம் வரும், பழுக்கணும், கழுவணும், வெட்டணும், கூழ் எடுக்கணும், சூடு பண்ணி அடைக்கணும். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உக்காந்து ப்ளான் போட்டா அதுக்குள்ள பழம் அழுகிடும். உங்களுக்கு கன்பான். டொயோட்டா கார் ஃபேக்டரியில டைச்சி ஓனோ கொண்டு வந்தது, அடுத்த கட்டத்துல உள்ளவங்க கார்டு குடுத்தாத்தான் அதுக்கு முந்தின கட்டத்துல உள்ளவங்க பொருள் அனுப்பணும், இஷ்டத்துக்கு செஞ்சு குவிக்கக்கூடாது. ஐடிகாரங்களே அத அப்புறமா அங்க இருந்துதான் எடுத்துக்கிட்டாங்க.

ரூம் வாசல்ல ஒரு போர்டு மாட்டுங்க, வந்தது, பழுக்குது, ரெடி, மிஷின்லன்னு நாலு கட்டம். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு அட்டை. ரெடி கட்டத்துல மிஷின் ஒரு ஷிஃப்ட்ல எவ்ளோ தின்னுமோ அவ்ளோ அட்டைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு எண்ண எழுதிப் போடுங்க. அந்தக் கட்டம் ரொம்பிடுச்சுன்னா அடுத்த ரூம பழுக்கப் போடறத ஒரு நாள் தள்ளுங்க, காலியா இருந்தா முன்னால இழுங்க. மிஷின் காத்துக் கிடக்கறது எந்தக் கட்டத்தால வருதுன்னு போர்டே காட்டிடும். பையன லீவுல கூப்ட்டு இந்த போர்ட போடச் சொல்லுங்க, அவனுக்கு நல்லாவே தெரியும்.

ஸ்க்ரம் மாஸ்டர் சர்டிஃபிகேட் எடுத்தா வேலை கிடைக்குமா? எது எடுக்கறது?
– வாசகி, அரூர்

சர்டிஃபிகேட் மட்டும் பாத்து ஸ்க்ரம் மாஸ்டர் வேலை குடுக்க மாட்டாங்கம்மா, ஒரு டீம்ல கொஞ்ச காலம் இருந்திருக்கணும். ஆனா படிக்க அது நல்ல காரணம். சிஎஸ்எம் (சர்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) எடுக்கணும்னா வகுப்புக்கு போயே ஆகணும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். பிஎஸ்எம் ஒன்னு (ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர், முதல் நிலை) எடுக்க வகுப்பு கட்டாயம் இல்ல, 80 கேள்வி, 60 நிமிஷம், 85 பர்சென்ட் வேணும், அதாவது 68 சரியா இருக்கணும், எடுத்துட்டா காலாவதி ஆகாது. காசு கட்றதுக்கு முன்னால கைட நாலு தடவ நிதானமா படிங்க, அப்புறம் ஸ்க்ரம் ஓப்பன்னு 30 கேள்வி டெஸ்ட் ஒன்னு இலவசமா இருக்கு, அதுல தொடர்ந்து நூத்துக்கு நூறு வர்ற வரைக்கும் போட்டுப் பாருங்க. தப்பாப் போற கேள்வி எந்த வரியில இருந்து வந்துதுன்னு கைடுல தேடிப் பிடிச்சு அடிக்கோடு போடுங்க, பரீட்சைக்கு அதுதான் உதவும்.