மீனுக்கு மூச்சிரைக்குமா?

கேள்வி: ஓடினால் நமக்கு மூச்சிரைக்கிறது, அப்படி இரைப்பதால்தான் இரத்தத்தில் ஏறிய அமிலம் குறைகிறது என்று மகள் பாடத்தில் படித்தாள். தொண்டியிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு வரும் சீலா, பாறை எல்லாம் அத்தனை வேகமாக நீந்துமே, அவை என்ன செய்யும்? உப்புத் தண்ணீரே அமிலத்தை முறித்துவிடுமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அருமையான கேள்வி, மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். இரைக்கும்போது நம் இரத்தத்தில் அமிலத்தை ஏற்றும் கரியமில வாயு வெளியேறுகிறது, அமிலமும் குறைகிறது. ஆனால் மூச்சிரைப்பு மீனுக்குப் பெரிதாக உதவாது. காற்றில் உள்ள ஆக்சிஜனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் தண்ணீரில் கிடைக்கும், அதனால் மீன் எந்நேரமும் ஏராளமான தண்ணீரைச் செவுள் வழியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, கரியமில வாயுவும் அதோடு சுலபமாகக் கரைந்து போய்விடுகிறது. நம் இரத்தத்தில் அந்த வாயுவின் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசம். மீனுக்குப் பெரும்பாலும் 2 முதல் 4 தான். மிச்சமே இல்லாததை இரைத்து எப்படி வெளியேற்றுவது?

மீன்கார அம்மா செவுள் மூடியைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று காட்டுவார் இல்லையா, அந்த இழைகளில்தான் விஷயம் இருக்கிறது. அவற்றின் மேல்தோலில் இதற்கென்றே சில செல்கள் உண்டு. கடல்நீரில் சோடியம் மீன் இரத்தத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம், அது உள்ளே வரத் துடிக்கும். அதை உள்ளே விட்டு, பதிலுக்கு அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளிவிடுகின்றன அந்தச் செல்கள். ஆக, உப்பு அமிலத்தை முறிப்பதில்லை, வெளியேற வழிதான் செய்து தருகிறது. நன்னீர் மீனுக்கு இந்த வசதி குறைவு, தேறி வர நேரம் பிடிக்கும். உள்ளே வந்த உப்பைத் திரும்ப வெளியேற்றுவதும் செவுள்தான், அதற்குச் சக்தி செலவாகும். சிறுநீரகத்தின் பங்கு கொஞ்சம்தான், 90 சதவீதத்துக்கு மேல் செவுளே பார்த்துக்கொள்கிறது.

அப்புறம் குடல், இந்த அமில-காரக் கணக்கில் அதற்கும் பங்கு உண்டு. கடல் மீன் தண்ணீர் குடிக்கும். குடலில் சுரக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருள், அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் துணுக்குகளாகப் படியும். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுட்டார்களே, அந்தக் கிளிஞ்சலில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டேதான் இதுவும். கடலில் உருவாகும் கார்பனேட்டில் 3 முதல் 15 சதவீதம் மீன்களிடமிருந்து வருவதாக 2009-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குடலைக் கீறும்போது வெள்ளையாக ஏதாவது தட்டுப்பட்டால் மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.