பாறையை மேயும் மீன்: ட்ரோஃபியஸ் கேள்வி பதில்

கேள்வி: என் ட்ரோஃபியஸ் மீன்களில் ஒன்று இரண்டு நாட்களாக இரையை வாயில் வாங்கித் துப்பிவிடுகிறது. கழிவு வெள்ளை நூல்போல் தொங்குகிறது, வயிறும் பருத்திருக்கிறது. ரத்தப்புழு கொடுத்துத் தேற்றலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரிக்கே உரிய இந்தச் சிக்லிட் குடும்பத்து மீன், கரையோரப் பாறைகளில் படர்ந்த பாசியை நாள் முழுவதும் கொறித்து வாழ்வது. அதற்கேற்ப அதன் குடல், உடல் நீளத்தைப் போல் பல மடங்கு நீண்டு சுருண்டிருக்கிறது. அத்தகைய குடலில் கொழுப்பும் புரதமும் மிகுந்த இரை எளிதில் செரிக்காது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வயிற்று வீக்க நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும் என்பதால், உடனே இரையை நிறுத்தி, அம்மோனியா அளவைச் சோதித்து, நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். அனுபவமுள்ளோர் மெட்ரோனிடசோல் என்னும் மருந்தைப் பயன்படுத்துவதுண்டு; அளவை மீன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தேறிய பிறகு ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கலந்த தாவர உணவைச் சிறுகச் சிறுக, பல வேளையாகக் கொடுங்கள். பசியோடு கண்ணாடியை முட்டுகிறதே என்று இரங்கி அள்ளிப் போடுவதுதான், என் பார்வையில், இம்மீனுக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல்.

கேள்வி: ஆறு மீன்கள் போதுமா?

பதில்: போதாது. எண்ணிக்கை குறைந்தால் வலியது ஒன்று மற்றவற்றைத் துரத்தியே கொன்றுவிடும். நீண்ட தொட்டியில் பதினைந்துக்குக் குறையாமல் விட்டால் சண்டை பலர்மேல் பரவித் தணியும்.

கேள்வி: ட்ரோஃபியஸில் ஒரு வகையான டுபோய்சியின் குஞ்சுகளில் வெண்புள்ளிகள் மறைகின்றன. நோயா?

பதில்: இல்லை, வளர்ச்சி. கரிய உடலில் வெண்புள்ளி என்பது குஞ்சுப் பருவத்து ஆடை. வளர்ந்தபின் தலை நீலம் பாரித்து, உடலின் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று தோன்றும். புள்ளிக்காகவே வாங்கியவர்கள் ஏமாந்துபோவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: முட்டையை வாயில் வைத்திருக்கும் தாய் பாசியைக் கொறிக்கிறதே, குஞ்சுகளை விழுங்கிவிடாதா?

பதில்: அஞ்ச வேண்டாம். இம்மீன் இடுவது ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய முட்டைகள் சிலவற்றை மட்டுமே. அவற்றை நான்கு வாரங்களுக்கு மேல் வாயிலேயே காக்கிறது. அக்காலத்தில் தாய் கொறிக்கும் பாசி வாய்க்குள் இருக்கும் குஞ்சுகளுக்கும் இரையாகிறது என்பதை, ஏரிக்குள் மூழ்கிக் கவனித்த ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: ட்ரோஃபியஸின் இன்னொரு வகையான மூரியில் வெவ்வேறு நிற மீன்களைச் சேர்த்து வளர்க்கலாமா?

பதில்: கூடாது. மணல் பரப்பைக் கடக்கத் தயங்கும் மீன் என்பதால், ஒவ்வொரு பாறைக் கரையிலும் தனித்தனி நிறம் நிலைபெற்றிருக்கிறது. தொட்டியில் அந்த மணல் இல்லை. அவை எளிதில் இனம் கலந்துவிடும்.