மண்வளம், கருவளம், கருவள விகிதம்: மூன்றும் ஒன்றா?

வளம் என்றால் விளைவிக்கும் திறன். மண்ணுக்குச் சொன்னால் மண்வளம்: பயிர் வளரத் தேவையான சத்தும் ஈரமும் அதில் தங்குகிறதா என்பது. மனிதருக்குச் சொன்னால் கருவளம்: பிள்ளை பெறும் திறன்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும்தான். மட்கு (மக்கிய இலைதழை) குறைவு; பெய்த மழையும் நிற்காது. அதனால் கோடையில் கண்மாய் வற்றியதும் அடியில் படிந்த வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். அதிலுள்ள களித்துகள் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும். ஆக, வளம் கூட்டவும் குறைக்கவும் முடிகிற ஒன்று. (யூரியா மூட்டைதான் வளம் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு!)

சரி, செய்தித்தாளில் வரும் ‘கருவள விகிதம்’? குழப்பமே இங்கேதான். பெயரில் கருவளம் இருந்தாலும் அது திறனை அளப்பதில்லை. ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை அது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக்கு 1.8. தலைமுறைக்குத் தலைமுறை மக்கள்தொகை குறையாமலிருக்க ஏறத்தாழ 2.1 வேண்டும்.

நல்ல வயலில் பாதியை மட்டும் விதைத்தால் களத்துக்கு வரும் நெல் குறையும். மண் கெட்டுப்போனதாக யாரும் சொல்ல மாட்டார்கள். விகிதம் களத்து நெல், கருவளம் மண்.

விகிதம் இறங்கியதைப் பார்த்து “பெண்களுக்கு மலட்டுத்தன்மை கூடிவிட்டது” என்பது தவறு: தாமதமாகக் கல்யாணம் செய்வதும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வதும்தான் பெரிய காரணம். அதோடு, பெண்களை மட்டும் சொல்வதும் சரியில்லை; கருவளம் என்பது ஆணுக்கும் உரிய சொல்தான்.