ஏழு மாதத்தில் கன்று வீசிய பசு: கொடியை இழுக்கலாமா?

கேள்வி: ஏழு மாதச் சினையில் நின்ற எங்கள் பிரீசியன் கலப்புப் பசு முந்தாநாள் செத்த கன்று போட்டது. நச்சுக்கொடி இன்னும் விழாமல் தொங்குகிறது. கையால் எடுக்கலாமா? பக்கத்தில் ஐந்து மாதச் சினையில் இன்னொரு மாடு. கொட்டகையைக் கூட்டுவது கர்ப்பமாக இருக்கும் மருமகள். (பொகவந்தலாவை)

பதில்: மருமகளை இன்றோடு கொட்டகைப் பக்கம் விடாதீர்கள். கொடியிலும் கை வைக்காதீர்கள்.

சினையின் பிற்பாதியில் கன்று வீசி, கொடியும் தங்கினால், சோதனை வேறு சொல்லும்வரை புருசெல்லோசிஸ் (புருசெல்லா என்ற கிருமியால் மாட்டைக் கன்று வீச வைத்து, மனிதருக்கும் தொற்றும் நோய்) என்றே வைத்துக்கொள்ள வேண்டும். லெப்டோஸ்பைரா என்ற வேறு கிருமியாகவும் இருக்கலாம், அதுவும் மனிதருக்குத் தொற்றும். புருசெல்லா பெருகுவது நச்சுக்கொடியில்தான். அங்கு சுரக்கும் எரித்ரிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருள் அதற்கு நல்ல தீனி. கொடி கருப்பையைப் பற்றியிருக்கும் முண்டுகள் அழுகி, இடைச்சவ்வு தோல்போல் தடித்துவிடும். கன்றுக்கு ஊட்டம் நின்றுபோகும்.

கொடி 12 மணி நேரத்துக்குள் தானாக விழ வேண்டும். இழுத்தால் முண்டுகள் கிழிந்து இரத்தம் போகும், கருப்பையில் சீழ் வைக்கும், கை வெடிப்பு வழியாக உங்களுக்கும் கிருமி ஏறும். கல் கட்டித் தொங்கவிடுவதும் அதே கெடுதிதான். காய்ச்சலோ நாற்றமோ இருந்தால், தீனி எடுக்காவிட்டால், கால்நடை வைத்தியர் மருந்து போடுவார்.

சினை மாட்டை இப்போதே வேறிடத்தில் கட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியும் தனி. வீசிய பசுவின் கசிவில் பல வாரம் கிருமி இருக்கும். கன்றையும் விழும் கொடியையும் கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். அதற்குமுன் வைத்தியரிடம் கேளுங்கள்; சோதனைக்குக் கன்றின் இரைப்பை நீரும் கொடித் துண்டும் தேவைப்படலாம். சாணத்தை வழித்தபின், 10 லீட்டர் தண்ணீருக்கு 2 கிலோ புதிதாக நீற்றிய சுண்ணாம்பு கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சாணத்தின் மேலேயே ஊற்றினால் வீண். நம் பக்கத்துக் குளிரிலும் ஈரத்திலும் வெயில் படாத மூலையில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் கிடக்கும்.

எல்லா மாட்டுக்கும் இரத்தச் சோதனை செய்யுங்கள். வீசிய உடனே எடுத்தால் நோய் இருந்தும் இல்லையென்று வரலாம். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுங்கள். முடிவு வரும்வரை கன்று வீசிய பசுவின் பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றாதீர்கள். வீட்டில் எந்த மாட்டுப் பாலானாலும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி வந்தால் மாடு கன்று வீசியதை டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சலுக்கே மருந்து கிடைக்கும்.

நோய் உறுதியானால் ஊசி போட்டு மாட்டைத் தேற்ற நினைக்காதீர்கள். கிருமி செல்லுக்குள் ஒளிந்திருக்கும். அடுத்த லயத்துக்கு விற்பது நோயை விற்பதுதான். இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி மூன்று முதல் எட்டு மாதப் பெண் கன்றுகளுக்கு மட்டும். சினை மாட்டுக்குப் போட்டால் அதுவே கன்று வீச வைக்கும்.